விடைத்தாள் இல்லாத பாடம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் முன் வருகிற ஊர் கல்லாறு. ஊருக்குப் பெயர் கொடுத்த ஆறு உருண்டைப் பாறைகளின் நடுவே ஓடிப்போய் வாமனபுரம் ஆற்றில் கலக்கிறது. மீன்முட்டி அருவிக்குப் போகிறவர்களுக்கு இது வண்டியை நிறுத்தும் இடம். நாட்டு வைத்தியத்தை மதிக்கிறவர்களுக்கு இது லட்சுமிக்குட்டி அம்மாவின் ஊர். காணி பழங்குடியைச் சேர்ந்த அவர், பாம்புக்கடிக்கும் பூச்சிக்கடிக்கும் பச்சிலை கொடுத்துப் பெயர் பெற்றவர். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. விஷவைத்தியத்துக்கு இவ்வளவு பேர் போன காட்டில் விஷப்பாம்புக்குக் குறைவிருக்காது.

அந்தப் பாம்புகளில் ஓர் இனம் குழிவிரியன். மலையாளத்தில் குழிமண்டலி என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்கோடியில் சருகுக்குள் சுருண்டு கிடப்பதும் உண்டு, பச்சை நிறத்தில் கிளையோடு கிளையாக ஒட்டிக் கிடப்பதும் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம், கண்ணுக்கும் நாசிக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் குழி. குழிக்குள் அந்தரத்தில் ஒரு சவ்வு விரித்துக் கட்டியிருக்கிறது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. எலியின் உடம்பிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர் பட்டால் அந்தச் சவ்வு துளியளவு சூடாகும். அதில் பின்னிக் கிடக்கும் நரம்பு துடிக்கும். குழி எதற்கு என்று வெகுகாலம் தெரியாமல் இருந்தது. அது அகச்சிவப்பை உணரும் உறுப்புதான் என்பதைத் தியோடர் புல்லக்கும் ரேமண்ட் கவுல்ஸும் 1952இல் நரம்பையே அளந்து காட்டினார்கள்.

சூட்டை உணர்வது ஒரு பாதி. மறுபாதி 1981இல் வந்தது. எரிக் நியூமன், பீட்டர் ஹார்ட்லைன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், குழி அனுப்பும் செய்தி மூளையில் எங்கே போய்ச் சேர்கிறது என்று தேடினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது குழிவிரியன் குடும்பத்து அமெரிக்கப் பாம்பான, வாலில் கிலுகிலுப்பை வைத்திருக்கும் விரியனை. கண் அனுப்பும் படமும் குழி அனுப்பும் படமும் நடுமூளையில் ஒரே இடத்தில், ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்படி விழுகின்றன. அங்கே இரண்டுக்கும் பதில் சொல்லும் நரம்பணுக்களை அவர்கள் ஆறு வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகை, ஒளி, வெப்பம் இரண்டில் எது வந்தாலும் துடிக்கிறது. இன்னொரு வகை இரண்டும் சேர்ந்து வந்தால்தான் துடிக்கிறது. மற்றவை, ஒன்று வரும்போது மற்றதைத் தூக்கிக் காட்டும் அல்லது அமுக்கிவிடும். அசைகிறது, ஆனால் சூடில்லை என்றால் காற்றில் ஆடும் இலையாக இருக்கலாம். அசைகிறது, சூடாகவும் இருக்கிறது என்றால் இரையாக இருக்கலாம்.

இரவுப் பார்வைக் கருவிகளின் வரலாற்றில் இந்தப் பாம்புக்கு மேற்கோள் காட்டத்தக்க இடம் உண்டு. 1990களில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் ஆலன் வாக்ஸ்மனின் குழு, மங்கிய ஒளியில் எடுத்த படத்தையும் வெப்பப் படத்தையும் ஒன்றாக்கி வண்ணத்தில் காட்டும் முறையை உருவாக்கியபோது, நியூமன், ஹார்ட்லைன் கட்டுரையை முன்மாதிரிகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. மனிதக் கண்ணின் வண்ண நரம்புகள் ஒன்றையொன்று எதிர்த்து இயங்கும் விதம் இன்னொரு முன்மாதிரி.

மனிதன் அகச்சிவப்பைக் கண்டுகொண்டது 1800இல். வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தால் வெயிலைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் பாதரசம் இன்னும் ஏறியது. அவர் மகன் ஜான் ஹெர்ஷல் 1840இல், கரி பூசிய காகிதத்தைச் சாராயத்தில் நனைத்து, சூடு பட்ட இடம் முதலில் காய்வதை வைத்து வெப்பத்துக்கு ஒரு படம் பிடித்தார். உலகின் முதல் வெப்பப் படம் அதுதான். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் சாமுவேல் லாங்லி செய்த போலோமீட்டர் என்ற கருவி, கால் மைல் தள்ளி நிற்கும் பசுவின் உடல்சூட்டை உணரும் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு நூறாண்டு, வெப்பத்தைப் படம் பிடிக்கும் கருவி பெரும்பாலும் ராணுவத்தின் கையில்தான் வளர்ந்தது. உணரியைக் கடுங்குளிரில் வைத்தாக வேண்டும், விலையும் எட்டாது. அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் 1980களில், குளிரூட்டத் தேவையில்லாத மைக்ரோபோலோமீட்டரைச் செய்தது. வனேடியம் ஆக்ஸைடு பூசிய மிக மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு பிக்சல், அந்தரத்தில் தொங்கும். கதிர் பட்டுச் சூடானால் மின்தடை மாறும். குழிவிரியனின் சவ்வும் இதே அமைப்புதான் என்பதை அந்தப் பொறியாளர்கள் கவனித்தார்களோ என்னவோ. 1992 வரை இது ராணுவ ரகசியமாக இருந்தது. பின்னர் விலை இறங்கி இறங்கி, 2014இல் செல்போனில் செருகிக்கொள்ளும் தெர்மல் கேமராவே கடைக்கு வந்துவிட்டது.

இப்போது இரண்டு கேமராக்கள் கையில் இருக்கின்றன. சாதாரண கேமரா, பொருள்மேல் பட்டுத் திரும்பும் ஒளியை வாங்குகிறது. அதன் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். தெர்மல் கேமரா வாங்குவது பொருள் தானே உமிழும் கதிரை, பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் வரை. மனித உடம்பு மிக அதிகமாக உமிழ்வது 9 மைக்ரானைத் தாண்டிய இடத்தில். இரண்டுக்கும் ஒரே லென்ஸ்கூடப் பொருந்தாது: இந்த நீள அலைக்குக் கண்ணாடி சுவர் மாதிரி, ஆகவே தெர்மல் கேமராவுக்கு ஜெர்மானியத்தில் லென்ஸ் கடைகிறார்கள். கல்லாற்றுக் கரையில் இருட்டில் ஒரு யானை நிற்கிறது என்று வையுங்கள். தெர்மல் படத்தில் யானை வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். ஆனால் அது பாதையில் நிற்கிறதா, பாதைக்கு அந்தப் பக்கமா என்று தெரியாது, ஏனென்றால் பாதையும் புல்லும் ஒரே சூட்டில் இருக்கலாம். சாதாரணப் படத்தில் பாதையும் வேலியும் பெயர்ப்பலகையின் எழுத்தும் மங்கலாகவாவது தெரியும். யானை இருட்டோடு இருட்டு. ஒரு மூடநம்பிக்கையையும் இங்கேயே ஒழித்துவிடலாம்: தெர்மல் கேமரா இலைகளை ஊடுருவிப் பார்க்காது. சினிமாவில் ஹெலிகாப்டரில் இருப்பவர் காட்டுக்குள் ஒளிந்தவனைக் கட்டம் கட்டிக் காட்டுவதெல்லாம் சினிமா. அடர்ந்த இலைக்கூரையின் அடியில் நிற்கும் யானை, மேலே இருக்கும் தெர்மல் கண்ணுக்கு இல்லாத யானைதான்.

இரண்டு படங்களையும் ஒன்றாக்கும் யோசனைக்கு உருவம் கொடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் நெதர்லாந்தின் அலெக்சாண்டர் தூட். சூஸ்டர்பெர்க்கில் இருக்கும் டி.என்.ஓ. ஆய்வு நிறுவனத்தில், மனிதக் கண் எப்படிப் பார்க்கிறது என்பதை ஆராய்ந்தவர். அவர் 1989இல் எழுதிய கட்டுரைகளுக்கு அடித்தளம் வேறு ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டது. பீட்டர் பர்ட், எட்வர்ட் அடெல்சன் இருவரும் 1983இல், படத்தைச் சுருக்கிச் சேமிப்பதற்காக 'லாப்லாசியன் பிரமிடு' என்ற முறையைக் கொடுத்திருந்தார்கள். சல்லடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி அரிசியையும் குருணையையும் மாவையும் தனித்தனியாகப் பிரிப்பது போல, ஒரு படத்தின் பெரிய வடிவங்களையும் நடுத்தரக் கோடுகளையும் நுண்ணிய இழைகளையும் தட்டு தட்டாகப் பிரிக்கும் முறை அது. இரண்டு படங்களையும் இப்படிப் பிரித்து, ஒவ்வொரு தட்டிலும் எந்தப் படத்தில் வேறுபாடு தூக்கலாக இருக்கிறதோ அதை எடுத்து, மறுபடி ஒன்றாகச் சேர்த்தால் கலவைப் படம் கிடைக்கும். கண் கவனிப்பது வேறுபாட்டைத்தான் என்பதால், தூட் அதையே அளவுகோலாக வைத்தார்.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை 1997இல் அவரும் வாக்ஸ்மனும் பிறரும் சேர்ந்து வெளியிட்டது. ஐ.நா. முகாம் ஒன்றைக் காவல் காப்பது போன்ற காட்சி. வேலி இருக்கிறது, ஒரு மனிதர் நடந்து போகிறார். பார்வையாளர்களிடம் சாதாரணப் படம், தெர்மல் படம், கலவைப் படம் என்று மாற்றி மாற்றிக் காட்டி, ஆள் எங்கே நிற்கிறார் என்று கேட்டார்கள். தெர்மல் படத்தில் ஆள் உடனே தெரிந்தார், ஆனால் வேலியை வைத்து அவர் இருக்கும் இடத்தைச் சொல்ல முடியவில்லை. சாதாரணப் படத்தில் வேலி தெரிந்தது, ஆள் தெரியவில்லை. கலவைப் படத்தில்தான் வேலிக்கும் ஆளுக்கும் உள்ள உறவைச் சரியாகச் சொன்னார்கள். காவலுக்கு நிற்கிறவருக்கு வேண்டிய விடை 'ஆள் இருக்கிறாரா' என்பது மட்டுமில்லையே. வேலிக்கு உள்ளேயா வெளியேயா என்பதும்தான். படம் அழகாக இருக்கிறதா என்று கேட்காமல், பார்த்தவர் என்ன முடிவுக்கு வந்தார் என்று அளந்த சோதனை இது. பின்னால் வந்தவர்கள் இதைக் கொஞ்சம் மறந்தார்கள் என்பது என் குறை.

அடுத்த இருபதாண்டு, கையால் விதி எழுதும் காலம். பிரிப்பதற்கு ஒரு கணக்கு, சேர்ப்பதற்கு ஒரு கணக்கு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இதில் தென்னிந்தியாவின் பங்கு பலருக்குத் தெரியாது. பெங்களூருவில் தேசிய வான்வெளி ஆய்வகமான என்.ஏ.எல்.லில் வி.பி.எஸ். நாயுடு, ஜே.ஆர். ராவோலோடு சேர்ந்து 2008இல் வேவ்லெட் வழியிலும், 2011இல் தனியாக வேறொரு கணித வழியிலும் பட இணைப்பைச் செய்தார். வேலூர் வி.ஐ.டி.யில் துர்கா பிரசாத் பவிரிசெட்டியும் ரவீந்திர துலியும் 2016இல் இரண்டு முறைகளைக் கொடுத்தார்கள். ஒன்று, வெப்பம் பரவுவதை விவரிக்கும் சமன்பாட்டின் உறவான ஒரு கணக்கைக் கொண்டு, விளிம்புகளைக் கலைக்காமல் படத்தை அடிப்படை அடுக்காகவும் நுணுக்க அடுக்காகவும் பிரிப்பது. மற்றது இன்னும் எளிமையானது: இரண்டே அடுக்கு, கண்ணை இழுக்கும் இடத்துக்கு அதிக எடை. எளிமையானதால் வேகமானது. பெரிய கணினி எதுவும் வேண்டாம். ஆழ் கற்றல் வந்த பிறகு எழுதப்பட்ட ஆய்வுகளிலும், 'பழைய முறைகளோடு ஒப்பிட்டோம்' என்கிற அட்டவணையில் இந்த வேலூர் முறைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

ஆழ் கற்றல் 2012இல் படங்களை இனங்காணும் போட்டியில் வென்று, எல்லாத் துறைகளின் கதவையும் தட்டத் தொடங்கியது. பூனைப் படம், நாய்ப் படம் என்று லட்சக்கணக்கில் பெயர் எழுதிக் கொடுத்தால் நரம்பு வலைப்பின்னல் கற்றுக்கொள்ளும். மங்கிய படத்தைத் தெளிவாக்க வேண்டுமா, தெளிந்த படத்தை நாமே மங்கலாக்கி, இரண்டையும் கொடுத்தால் போதும். எல்லாவற்றிலும் ஒரு விடைத்தாள் இருக்கிறது. பட இணைப்புக்கு அது கிடையாது. வெப்பத்தையும் ஒளியையும் சேர்த்துப் பார்த்த 'சரியான' படத்தை எந்தக் கேமராவும் எடுத்ததில்லை, எந்த மனிதரும் பார்த்ததில்லை. குழிவிரியன் பார்க்கலாம், அதனிடம் கேட்க வழியில்லை. விடையே இல்லாத பாடத்தை எப்படிக் கற்றுக்கொடுப்பது? இந்தத் தொழில்நுட்பம் பிறந்த கதை முழுக்க இந்த ஒரு முடிச்சில்தான் இருக்கிறது. இதைச் சுற்றிவந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியைக் கண்டார்கள்.

சீனாவில் ஹெஃபெய் நகரத்தின் யூ லியுவும் அவர் குழுவும் ஒரு குறுக்கு வழியில் போனார்கள். ஒரு படத்தின் ஒரு பகுதி கூர்மையா, கலங்கலா என்று சொல்ல ஒரு வலைப்பின்னலைப் பழக்கினார்கள். அதற்கு விடைத்தாள் தயாரிக்க முடியும். பிறகு அதே வலைப்பின்னலைக் கொண்டு, ஒவ்வொரு பிக்சலிலும் வெப்பப் படத்துக்கு எவ்வளவு எடை, சாதாரணப் படத்துக்கு எவ்வளவு எடை என்று முடிவு செய்தார்கள். இது வேலை செய்தது. ஆனால் கலக்கும் வேலை இன்னும் பழைய பிரமிடுதான்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராம் பிரபாகர், சாய் ஸ்ரீகர், ஆர். வெங்கடேஷ் பாபு ஆகியோர் எடுத்துக்கொண்ட சிக்கல் வெப்பப் படமே இல்லை. ஜன்னலோரம் நிற்பவரைப் படம் எடுத்தால் வெளியே வெளுத்துப்போகும், அல்லது உள்ளே கறுத்துப்போகும். வெளிச்சம் குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று என இரண்டு எடுத்து ஒன்றாக்க வேண்டும். இதற்கும் விடைத்தாள் இல்லை. அவர்கள் செய்த காரியம் இது: விடையைக் கொடுக்காமல், மதிப்பெண் போடும் விதியை மட்டும் கொடுத்தார்கள். இரண்டு மூலப் படங்களின் அமைப்பையும் கலவைப் படம் எவ்வளவு காப்பாற்றியிருக்கிறது என்று எண்ணால் சொல்லும் ஓர் அளவுகோல் 2015இலேயே இருந்தது. கனடாவில் ஸோவ் வாங் குழுவினர் கொடுத்தது. அதுவரை அதைக் கடைசியில் படத்தின் தரத்தைச் சோதிக்கத்தான் பயன்படுத்தினார்கள். பெங்களூருக்காரர்கள் அதையே பயிற்சிக்குள் வைத்தார்கள். வலைப்பின்னல் ஒரு படத்தைச் செய்யும், விதி மதிப்பெண் போடும், மதிப்பெண் ஏறும் திசையில் வலைப்பின்னல் தன்னைத் திருத்திக்கொள்ளும். 'டீப்ஃப்யூஸ்' என்ற பெயரில் 2017 அக்டோபரில் வெனிஸ் நகரில் நடந்த ஐ.சி.சி.வி. என்ற கணினிப் பார்வை மாநாட்டில் இது வந்தது. மிகச் சிறிய வலைப்பின்னல்: இரண்டு படங்களுக்கும் பொதுவாக இரண்டு அடுக்குகள் கூறுகளைப் பிரித்தெடுக்கும், நடுவில் அவற்றைக் கூட்டும், அடுத்த மூன்று அடுக்குகள் படமாகத் திரும்பக் கட்டும்.

அங்கிருந்து வெப்பப் படத்துக்குப் பாலம் கட்டியது சீனாவின் வூஷி நகரத்தில் இருக்கும் ஜியாங்நான் பல்கலைக்கழகம். ஹுய் லி, ஷியாவ்ஜுன் வூ இருவரும் டீப்ஃப்யூஸைப் படித்து, அதில் கண்ட குறையைச் சொல்லியே தங்கள் கட்டுரையைத் தொடங்கினார்கள்: நடு அடுக்குகளில் கிடைக்கும் தகவல் வீணாகிறது. அதே 2017இல் வேறொரு குழு கொடுத்திருந்த, ஒவ்வொரு அடுக்கும் தனக்கு முந்தைய எல்லா அடுக்குகளிலிருந்தும் செய்தி வாங்கும் அமைப்பை எடுத்து உள்ளே பொருத்தினார்கள். பெயர் 'டென்ஸ்ஃப்யூஸ்'. 2018இல் முதலில் வெளியானது, 2019இல் ஐ.ஈ.ஈ.ஈ. இதழில் அச்சானது. விடையில்லாச் சிக்கலுக்கு அவர்கள் கண்ட வழி சாதுரியமானது. பயிற்சியின்போது அவர்கள் கலக்கவே இல்லை! வலைப்பின்னலுக்கு ஒரே ஒரு வேலை: ஒரு படத்தைக் கூறுகளாகப் பிரி, அதே படத்தைத் திரும்பக் கட்டு. இதற்கு விடைத்தாள் அந்தப் படமேதான். ஆகவே அரிதாகக் கிடைக்கும் வெப்பப் படங்களே பயிற்சிக்கு வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் தொகுத்திருந்த அன்றாடப் புகைப்படங்கள் ஏறக்குறைய எண்பதாயிரம் போதும். பிரிக்கவும் கட்டவும் நன்றாகப் பழகிய பின், வெப்பப் படத்தையும் சாதாரணப் படத்தையும் தனித்தனியே பிரித்து, நடுவில் கூறுகளைக் கூட்டி, ஒரே படமாகக் கட்டினார்கள். நடுவில் கூட்டும் விதி மட்டும் மனிதர் கையால் எழுதியது. அந்த விதியையும் கற்றுக்கொள்ளும்படி 2021இல் அதே ஆய்வகம் செய்தது.

வூஹான் பல்கலைக்கழகத்தின் ஜியாயி மா குழுவினர் போன வழி மோதல் வழி. ஒரு வலைப்பின்னல் கலவைப் படத்தைச் செய்யும். அதன் வேலை வெப்பப் படத்தின் பிரகாசத்தையும் சாதாரணப் படத்தின் கோடுகளையும் காப்பது. இன்னொன்று அதைப் பார்த்து, 'இது சாதாரணக் கேமரா எடுத்த படமில்லை' என்று பிடித்துவிட முயலும். பிடிபடாமலிருக்க முதலாவது மேலும் மேலும் நுணுக்கங்களைச் சேர்க்கும். இதுதான் 'ஃப்யூஷன்கான்', 2019. பயிற்சிக்கு எடுத்தது தூட் சேர்த்துவைத்த டி.என்.ஓ. படங்களில் 45 ஜோடி. அவற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் பெருக்கிக்கொண்டார்கள். விளைவைப் பார்த்தால், கூர்மையாக்கிய வெப்பப் படம் மாதிரித்தான் எனக்குத் தோன்றுகிறது. சாதாரணப் படத்தின் இழைகள் பல கரைந்துவிடுகின்றன. ஆனால் அந்த யோசனை பிடித்துக்கொண்டு, இரண்டு நீதிபதிகளை வைத்த அடுத்த வடிவங்கள் வரிசையாக வந்தன.

அதன்பின் வெள்ளம். சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான முறைகள், ஒவ்வொன்றுக்கும் ஃப்யூஸ் என்றோ ஃப்யூஷன் என்றோ முடியும் ஒரு பெயர். பெரும்பாலும் ஒப்பிட்டது அதே டி.என்.ஓ. படங்களை வைத்து: வேலியோரம் நடக்கும் அதே மனிதர், புகைக்குப் பின்னால் நிற்கும் அதே படைவீரர், பதுங்குகுழியில் இருக்கும் அதே படைவீரர். இந்த டச்சு வீரர்கள் எத்தனை பேருக்கு முனைவர் பட்டம் வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. எங்கள் ஊர் வெயிலுக்கு அந்தப் படங்கள் ஒத்துவருமா என்பது சிரிக்க முடியாத கேள்வி. குளிர்ந்த ஐரோப்பிய நிலத்தில் மனித உடம்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். சித்திரை மாத நண்பகலில் இங்கே பாறையும் தார்ச்சாலையும் உடம்பைவிடச் சூடு. ஆள் வெள்ளைப் பின்னணியில் கறுப்பாகத் தெரிவார். 'வெள்ளையாகத் தெரிவதே முக்கியம்' என்று குளிர்நாட்டுப் படங்களில் பழகிய வலைப்பின்னல் இங்கே பாறையைத் தூக்கிக் காட்டி ஆளை அமுக்கிவிடலாம்.

ஷாங்காயைச் சேர்ந்த ஷிங்சென் ஜாங் குழு 2020இல் எல்லாவற்றையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தது: 21 ஜோடிப் படங்கள், 20 முறைகள், 13 அளவுகோல்கள். எல்லா அளவுகோலிலும் ஜெயித்த முறை என்று ஒன்றுமில்லை. ஆழ் கற்றல் முறைகள் பழையவற்றைத் துடைத்தெறிந்துவிட்டன என்றும் சொல்ல முடியவில்லை. அந்த இருபதில் வேலூரில் பிறந்த இரண்டும் என்.ஏ.எல்.லில் பிறந்த ஒன்றும் இருந்தன. இதில் வியப்பு ஒன்றும் இல்லை. விடைத்தாள் இல்லாமல் மதிப்பெண் விதியை வைத்துப் பாடம் நடத்தினால், மாணவர் அந்த விதிக்கு ஏற்ற பிள்ளையாகத்தான் வளர்வார். வேறு விதியை வைத்தால் வேறு பிள்ளை முதலிடம்.

இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒரு வழி 2022இல் டாலியன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஜின்யுவான் லியு உள்ளிட்டோர், படம் எப்படி இருக்கிறது என்று கேட்பதோடு நிற்காமல், அந்தப் படத்தில் ஆளையும் வண்டியையும் இன்னொரு வலைப்பின்னல் சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்பதையும் பயிற்சிக்குள் கொண்டுவந்தார்கள். ஆளுக்கும் வண்டிக்கும் கட்டம் போட்ட 4,200 ஜோடிப் படங்களையும் கூடவே கொடுத்தார்கள். கலவைப் படத்துக்கு விடைத்தாள் இல்லாவிட்டாலும், 'இங்கே ஆள் நிற்கிறார்' என்பதற்கு விடைத்தாள் உண்டு. தூட் 1997இல் மனிதர்களிடம் கேட்ட கேள்வியை இவர்கள் கணினியிடம் கேட்டார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு இந்த வழிதான் நேர்மையானதாகப் படுகிறது.

கட்டுரைகளில் பாதி இடத்தில் ஒரு வரியில் தாண்டிப்போகும் சிக்கல் ஒன்று இருக்கிறது. இரண்டு படங்களும் பிக்சலுக்குப் பிக்சல் பொருந்தியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம் என்பார்கள். களத்தில் அப்படி வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு லென்ஸ்கள் சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கின்றன. பக்கத்துப் பொருளுக்குப் பொருந்தினால் தூரத்துப் பொருளுக்குப் பொருந்தாது. கலந்தால் யானைக்குப் பக்கத்தில் யானையின் ஆவி நிற்கும். தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தார் 2015இல், கதிரைப் பிரிக்கும் தகடு ஒன்றை முன்னால் வைத்து, இரண்டு கேமராக்களும் ஒரே இடத்திலிருந்து பார்க்கும்படி செய்து, சாலையில் தொண்ணூற்றைந்தாயிரம் ஜோடி எடுத்தார்கள். எல்லோராலும் அப்படிச் செய்ய முடியாது. தெர்மல் படத்தின் பிக்சல் எண்ணிக்கையும் குறைவு. அதிகம் வேண்டுமென்றால் விலை எகிறும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் ஹனி குப்தா, கௌஷிக் மித்ரா இருவரும் கைவைத்தது இங்கேதான். மலிவான தெர்மல் கேமராவின் சிறு படத்தை, பக்கத்தில் இருக்கும் சாதாரணக் கேமராவின் படத்தைத் துணையாகக் கொண்டு பெரிதாக்கித் தெளிவாக்குவது அவர்கள் வேலை. 2020இல் வந்த கட்டுரையில், சாதாரணப் படத்தின் விளிம்புகளைப் பல அளவுகளில் எடுத்து, அவற்றில் வெப்பத்துக்குச் சம்பந்தமுள்ளவற்றை மட்டும் வலைப்பின்னல் தேர்ந்தெடுக்கும்படி செய்தார்கள். தேர்வு ஏன் வேண்டும்? சுவரில் ஒட்டிய சுவரொட்டியின் எழுத்துகள் சாதாரணப் படத்தில் கூர்மையான விளிம்பு. வெப்பத்தில் அப்படி எதுவும் இல்லை. அதை வெப்பப் படத்தில் ஒட்டினால் அது பொய். மின்வாரியத்தில் பழுது தேடுகிறவருக்கு அந்தப் பொய்யால் வேலை கெடும். அடுத்த கட்டுரை, 2022இல், இரண்டு படங்களும் பொருந்தாமல் இருக்கும்போதே இதைச் செய்யும் வழியைச் சொன்னது. மாநாட்டு மேடையில் பளபளப்பாகத் தெரியாத வேலை. கேமராவைக் கம்பத்தில் ஏற்றிக் கட்டுகிறவருக்கு இதுதான் வேண்டும்.

கம்பத்தில் ஏற்றிக் கட்டிய இடமும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோவை மதுக்கரை வழியாக வாளையாறு போகும் ரயில் பாதை யானைகளின் வழியைக் குறுக்கே வெட்டுகிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் ரயில் மோதி இறந்தன. அதன்பின் தமிழ்நாடு வனத்துறை, 7.24 கோடி ரூபாய் செலவில், பாதையோரம் 12 கோபுரங்களை நிறுத்தி, தெர்மல் கேமராவையும் சாதாரணக் கேமராவையும் பொருத்தி, செயற்கை நுண்ணறிவால் யானையை அடையாளம் கண்டு எச்சரிக்கும் ஏற்பாட்டை 2024 பிப்ரவரியில் தொடங்கியது.

இங்கே ஒரு கேள்வி எழும். பார்ப்பது கணினி என்றால், கலவைப் படம் எதற்கு? ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜிங்ஜிங் லியு குழு 2016இலேயே கைஸ்ட் படங்களை வைத்து இதைச் சோதித்தது. வலைப்பின்னலின் தொடக்கத்திலேயே கலப்பது, நடுவில் கலப்பது, முடிவுக்கு அருகில் கலப்பது, இரண்டையும் தனித்தனியே பார்த்துக் கடைசித் தீர்ப்பில் கலப்பது. நான்கில் நடுவில் கலப்பதுதான் பாதசாரிகளை நன்றாகக் கண்டுபிடித்தது. அதாவது கணினிக்கு, கண்ணால் பார்க்கத்தக்க ஒரு படம் எந்தக் கட்டத்திலும் உருவாக வேண்டியதே இல்லை. ஆனால் நடுராத்திரியில் மணி அடித்ததும் கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்ப்பவர் மனிதர். ரயிலை மெதுவாக்கச் சொல்லலாமா, வேட்டைத் தடுப்புக் காவலர்களை எந்தப் பக்கம் அனுப்பலாம் என்று அவர் சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். யானை இருக்கிறது என்பது மணியே சொல்லிவிட்டது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதை அவர் படத்தில்தான் பார்த்தாக வேண்டும்.